36 எச்பி டிராக்டர், கையில் 60 ஆயிரம்: தீவனம் விதைக்க எந்தக் கருவியை வாங்கலாம்?

மானூர் ஆட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மானூருக்கு வடக்கே எங்களுக்கு நாலரை ஏக்கர் இருக்கிறது. 3 ஏக்கர் மானாவாரி. கீழ்ப்புறம் கரிசல், மேற்கே போகப் போகச் செவலும் சரளையுமாக மாறிவிடும். மீதி ஒன்றரை ஏக்கரில் கிணறு உண்டு, பங்குனி தாண்டினால் தண்ணீர் அடிக்குப் போய்விடும். கன்னி ஆடும் செவ்வாடுமாக 40 உருப்படி, 3 மாடு.

மேய்ச்சல் வருசா வருசம் சுருங்குகிறது. தரிசு கிடந்த இடமெல்லாம் வேலி போட்டாகிவிட்டது. கோடையில் வைக்கோல் கட்டு வாங்கியே கையில் இருப்பது கரைகிறது. அதனால் இந்தப் புரட்டாசியில் உளுந்தை விட்டுவிட்டு 3 ஏக்கரிலும் தீவனம் போடலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். சோளம், தட்டைப்பயறு, ஓரத்தில் கொழுக்கட்டைப் புல். கிணற்றுப் பக்கம் வேலிமசால்.

சித்தப்பா தன் பழைய மேசி 1035 டிராக்டரைக் கொடுத்துவிட்டார். எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஹைட்ராலிக் தூக்குகிறது. டிரெய்லரைத் தவிர வேறு கருவி இல்லை. கையில் 60 ஆயிரம். கடையில் கேட்டால் ரோட்டவேட்டர் எடுங்கள், பாக்கிக்குக் கடன் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். ஊரில் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எடுக்கலாமா? இல்லை, வேறு எதில் தொடங்கலாம்?

கரிசக்காட்டான்

தம்பி, கடன் போட்டு ரோட்டவேட்டர் எடுக்காதீர்கள். உங்கள் நிலத்துக்கும் உங்கள் வண்டிக்கும் முதல் கருவி அதுவல்ல.

நான் கயத்தாறு பக்கம், முழுக் கரிசல். கரிசலில் ரோட்டவேட்டர் ஓட்டினால் பார்க்க அழகாக இருக்கும், மாவு போலத் தூளாகும். அந்தத் தூளின் மேல் முதல் மழை விழுந்ததும் மேல்மண் பாளமாகக் கட்டிக்கொள்ளும், சின்ன விதை முட்டி வர முடியாது. அதன் சுழலும் கத்தி இறங்குவது நாலைந்து அங்குலம்தான். வருசா வருசம் அதே ஆழத்தில் அடித்தால் கீழே ஒரு கெட்டித் தட்டு உண்டாகும். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கரிசல் உள்ளே குடித்து வைத்தால்தானே தை, மாசியில் பயிர் நிற்கும்? அந்தத் தட்டு தண்ணீரை உள்ளே விடாது.

இன்னொன்று, அந்த வண்டி 5 அடி ரோட்டவேட்டரை இழுக்கும்தான். ஆனால் காய்ந்த கரிசலில் திணறும். 5 அடி புதிது ஒரு லட்சத்தை ஒட்டி வரும். அந்தப் பணத்தில் மூன்று கருவி எடுக்கலாம்.

முதலில் ஒரு 9 கொத்துக் கலப்பை எடுங்கள், மண்ணைக் கீறும் 9 இரும்புக் கொத்து சட்டத்தில் நிற்கும் கலப்பை. பழசு போதும்.

வீரவநல்லூர் வயல்

ரோட்டவேட்டரை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் அண்ணாச்சி. எங்கள் பக்கம் கார் நெல் அறுத்த கையோடு அடுத்த போகமான பிசானத்துக்கு வயலைத் தயார் செய்ய வேண்டும், இடையில் கிடைப்பது சில வாரம்தான். தாளடியை மடக்கிச் சேற்றில் கலக்க ரோட்டவேட்டர் இல்லாமல் முடியாது. சணப்பு, தக்கைப்பூண்டு மடக்குவதற்கும் அதுதான். ஆற்றுப்பாசன வயலில் அது வேண்டும்.

ஆனால் தம்பி சொல்வது மானாவாரி, ஒரு போகம். அதற்குத் தேவை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்றரை ஏக்கர் தோட்டத்துக்கு வேண்டுமென்றால் மணிக் கணக்கில் வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.

செவக்காட்டுக்காரி

நான் நாங்குநேரிக்குத் தெற்கே. செவக்காடு, பாதி சரளை. எனக்கும் ஆடுதான் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எதைச் சொந்தமாக வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்று பிரிக்க நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்றுதான்: எந்த வேலையைத் தள்ளிப்போட முடியாதோ அந்த வேலைக்கான கருவி நம் வீட்டில் நிற்க வேண்டும். மற்றதெல்லாம் வாடகைக்கு.

கோடை உழவை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு மழை பெய்ததும் உழலாம், பத்து நாள் தள்ளியும் உழலாம், ஆனியில்கூட உழலாம். அதற்குச் சட்டிக் கலப்பையோ உளிக் கலப்பையோ வேண்டுமென்றால் வாடகை வண்டி தேடப் பொறுமையாக நேரம் இருக்கிறது. விதைப்பு அப்படி இல்லை. செவலில் மழை விழுந்து ஈரம் பதமாக நிற்பது ரெண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அந்த ரெண்டு நாளில் ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும் ஆள் காத்திருப்பார்கள். வாடகை வண்டிக்காரர் முதலில் பத்து ஏக்கர்க்காரர் வீட்டுக்குத்தான் போவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நம் முறை வரும்போது ஈரம் போயிருக்கும். ஒரு வருச ஆட்டுத் தீவனம் அந்த ரெண்டு நாளில்தான் இருக்கிறது.

ஆக, விதைக்கிற கருவிக்குத்தான் உங்கள் 60 ஆயிரம் முதலில் போக வேண்டும். ஊரில் பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். உழவுக் கருவிக்கு லட்சம் போட்டுவிட்டு, விதையைக் கையால் தூவிவிட்டு ஒரு சால் ஓட்டி மூடுகிறார்கள். தூவினால் என்ன ஆகும்? பாதி விதை 4 அங்குலத்துக்குக் கீழே போய்ப் புதையும், கால்வாசி மேலேயே கிடக்கும். மேலே கிடப்பது மயிலுக்கும் எறும்புக்கும். எங்கள் ஊரில் விடியுமுன் மயில் கூட்டம் இறங்கிவிடும். அதைத் துரத்தலாமே தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. விதை ஒன்றரை அங்குலம் மண்ணுக்குள் வரிசையாக இருந்தால் அது கிளறித் தின்பது வெகுவாகக் குறைகிறது. இதை என் நிலத்தில் தூவிய பக்கத்தையும் சாலில் விதைத்த பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறேன். தூவிய பக்கம் திட்டுத் திட்டாகச் சொட்டை, சாலில் விதைத்த பக்கம் கயிறு பிடித்த மாதிரி வரிசை.

சரளையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஸ்பிரிங் வைத்த கொத்துதான் எடுக்க வேண்டும். கல்லில் இடித்தால் பின்னால் மடங்கித் தாண்டும். கெட்டிக் கொத்து என்றால் ஒன்று முனையில் இருக்கும் கொழு முறியும், இல்லை சட்டம் வளையும்.

பட்டறைப் பாவூர்

பாவூர்சத்திரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய கலப்பை வாங்குகிறவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், அக்கா சொன்னதற்கு அது துணையாக இருக்கும்.

புதுப் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பழைய கலப்பைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் வெல்டிங் போட்ட இடத்தை மறைக்கத்தான் பாதி நேரம் அடித்திருப்பார்கள். ஓர் ஆணியால் மூலைகளைச் சுரண்டிப் பாருங்கள்.

சிமென்ட் தரையில் கலப்பையை நிற்க வைக்கச் சொல்லுங்கள். 9 கொழுவும் தரையைத் தொட வேண்டும். ஒன்றிரண்டு அரை அங்குலம் தூக்கி நின்றால் கொழு தேய்ந்திருக்கலாம், அது பெரிய விசயமில்லை, கொழுவைத் திருப்பிப் போட்டால் அல்லது மாற்றினால் சரியாகிவிடும். ஒரு பக்கமாக வரிசையாகத் தூக்கிக்கொண்டே போனால் சட்டமே முறுக்கியிருக்கிறது. அதை விட்டுவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் ஒரு கயிறு எடுத்துச் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளை அளங்கள். ரெண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். கொத்தைக் கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ்ஷும் போல்ட்டும் போயிருக்கிறது. 9 கொத்துக்கும் மாற்றினால் ஒரு செலவு வரும், அதைச் சொல்லி விலையில் குறைக்கலாம்.

ஸ்பிரிங் வைத்த 9 கொத்து புதிது 30 ஆயிரத்துக்கு மேலே கீழே இருக்கும். நல்ல பழசு அதில் பாதிக்குக் கிடைத்தால் எடுக்கலாம். முக்கால் விலை சொன்னால் புதிதே எடுத்துவிடுங்கள்.

மானூர் ஆட்டுக்காரன்

அக்கா, அண்ணன், ரொம்ப நன்றி. தள்ளிப்போட முடியாத வேலைக்குத்தான் சொந்தக் கருவி என்பதை எங்கள் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், உடனே ஒத்துக்கொண்டார்.

இப்போது ஒரு சந்தேகம். விதைக்கும் கருவி என்றால் தனியாகச் சீட் டிரில் வாங்க வேண்டுமா? கடையில் 9 வரிசை டிரில் 60 ஆயிரம் கேட்டார்கள். அதை எடுத்தால் கலப்பைக்குக் காசு இல்லை.

பட்டறைப் பாவூர்

தனி டிரில் வேண்டாம். 9 கொத்துக் கலப்பைச் சட்டத்தின் மேலேயே விதைப் பெட்டியை மாட்டலாம். பெட்டி, அடியில் பள்ளம் வெட்டிய உருளை, அதிலிருந்து ஒவ்வொரு கொத்தின் பின்னாலும் இறங்கும் குழாய், உருளையைச் சுற்ற மண்ணில் உருளும் ஒரு சக்கரம், நடுவே சங்கிலி. அவ்வளவுதான் கருவி. பெட்டி செட்டாகவே வாங்கிப் பொருத்தலாம். கொத்தின் முனையில் அகலக் கொழுவைக் கழற்றிவிட்டு ஒடுக்கமான விதைப்புக் கொழு போட வேண்டும், அகலக் கொழு சாலை வாரிப் போட்டுவிடும்.

சட்டத்தில் கொத்துகள் கிளாம்பில்தான் நிற்கின்றன, நகர்த்தலாம். 9-ல் ரெண்டைக் கழற்றிவிட்டு 7 கொத்தை 30 செமீ இடைவெளியில் வையுங்கள். தீவனச் சோளத்துக்கு அந்த இடைவெளிதான் கணக்கு. ரெண்டு கொத்து குறைவதால் உங்கள் வண்டிக்கும் பாரம் குறையும். 36 எச்பிக்குக் காய்ந்த கரிசலில் 9 கொத்து எப்படியும் கனம்தான்.

உருளை வாங்கும்போது ஒரு விசயம். பள்ளம் வெட்டிய உருளையில் சோளம், கம்பு எல்லாம் ஓடும். தட்டைப்பயறு பெரிய விதை, பள்ளம் ஆழம் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் விதையை உடைத்துவிடும். சாய்தட்டு வைத்த பெட்டி, அதாவது சாய்வாகச் சுற்றும் தட்டு விதையை எடுத்துப் போடும் பெட்டி என்றால் பயிருக்குப் பயிர் தட்டை மாற்றிக்கொள்ளலாம், விதை உடையாது, ஆனால் விலை கூட.

பாளைப் பொறியாளர்

வேளாண் பொறியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டி மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள், விதை அளவைச் சரிபார்க்காமல் நிலத்தில் இறங்கக் கூடாது. அதற்குப் படித்திருக்க வேண்டிய தேவை இல்லை, ஒரு கயிறும் சமையலறைத் தராசும் போதும்.

கலப்பையை ஜாக்கியில் தூக்கி, மண்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும்படி வையுங்கள். கயிற்றால் சக்கரத்தின் சுற்றளவை அளங்கள். ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 7 வரிசை, 30 செமீ இடைவெளி, ஆக விதைக்கும் அகலம் 2.1 மீட்டர். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் 3.15 சதுர மீட்டர் விதைக்கும். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர் சொச்சம். அப்படியென்றால் 13 சுற்று ஒரு சென்ட்.

ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு பையைக் கட்டிவிட்டு, சக்கரத்தைக் கையால் நிதானமாக 13 சுற்று சுற்றுங்கள். விழுந்த விதை மொத்தத்தையும் நிறுங்கள். மானாவாரித் தீவனச் சோளத்துக்கு ஏக்கருக்கு 16 கிலோ பரிந்துரை. ஒரு சென்ட்டுக்கு 160 கிராம் விழ வேண்டும். கூடினால் உருளையின் திறப்பைக் குறையுங்கள், குறைந்தால் கூட்டுங்கள். பிறகு ஒவ்வொரு பையையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள், ஒரு குழாயில் மட்டும் பாதி விழுந்தால் அங்கே ஏதோ அடைத்திருக்கிறது. புழுதியில் சக்கரம் கொஞ்சம் சறுக்கும் என்பதால் நிலத்திலும் 20 மீட்டர் தூரம் ஓட்டி ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் கிட்டத்தட்ட ஒரு சென்ட்தான்.

கிணற்றுப் பக்கம் கோ எப்எஸ் 29 போடுவதாக இருந்தால் கவனம். அது பல முறை அறுக்கும் சோளம், விதை பொடி. ஏக்கருக்கு 2 கிலோ போதும், அதாவது சென்ட்டுக்கு வெறும் 20 கிராம். எந்த உருளையும் அவ்வளவு குறைவாக ஒரே சீராக விடாது. காய்ந்த சலித்த மணலோடு கலந்து கையாலேயே சாலில் விட்டுவிடலாம், ஒன்றரை ஏக்கர்தானே.

இனி மானியம். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். 5 ஏக்கர் வரை சிறு விவசாயி என்பதால் நாலரை ஏக்கர் உள்ள உங்களுக்கு 50 பொருந்தும். வட்டாட்சியர் தரும் சிறு விவசாயி சான்று வேண்டும். உழவன் செயலியிலோ வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ முதலில் விண்ணப்பித்து ஆணை வாங்கிவிட்டுத்தான் கருவியை எடுக்க வேண்டும். முன்னாலேயே வாங்கிவிட்டு பில்லைக் கொண்டுபோனால் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு, பில் தொகை முழுவதற்கும் 50 சதவீதம் என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம். பழைய கருவிக்கு மானியம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் வேளாண் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, கடையில் பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேளுங்கள்.

ஆகவே கலப்பையைப் பழசாகவும் விதைப்புக் கருவியை மானியத்தில் புதிதாகவும் பார்க்கலாம். மானியம் வர மாதங்கள் ஆகலாம், இந்தப் பட்டத்தை அதற்காக விட்டுவிடாதீர்கள்.

கரிசக்காட்டான்

பொறியாளர் ஐயா சொன்ன சக்கரக் கணக்கை எங்கள் ஊர்க் குழுவில் போட்டுவிட்டேன். இத்தனை வருசம் டிரில் ஓட்டுகிறவர்கள்கூட கண்மட்டில்தான் வைக்கிறார்கள்.

தம்பிக்குக் கீழ்ப்புறக் கரிசல் பற்றி ஒன்று. செவல் போல மழை விழுந்து காத்திருந்து விதைக்கிற வேலை கரிசலில் ஆகாது. ஒரு நல்ல மழை விழுந்தால் வாரக்கணக்கில் வண்டி இறங்க முடியாது, சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு நின்றுவிடும். எங்கள் பக்கம் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிடுவோம், புரட்டாசி தொடக்கத்தில். விதை 5 செமீ ஆழத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சும்மா தூறிப்போகிற மழைக்கு முளைத்து ஏமாறாது, நனைய நனையப் பெய்தால்தான் முளைக்கும். கையால் தூவினால் இந்த ஆழம் கிடைக்காது. கரிசலில் விதைப்புப் பெட்டிக்கு மதிப்பே இதில்தான்.

விதையை அதற்கு முன் கடினப்படுத்த வேண்டும். சோளத்துக்குப் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதவீதக் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரத்துக்கு உலர்த்தி விதைக்க வேண்டும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 1901-ல் இருந்து இந்தக் கரிசலுக்கென்றே இருக்கிறது, கே 12 சோளம் அவர்கள் விட்டதுதான். தட்டை உயரமாக வரும், தானியமும் உண்டு. உங்கள் கீழ்ப்புறத்துக்கு அதைப் போடுங்கள்.

மான்காட்டோரம்

கங்கைகொண்டான் சரணாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கம் தீவனம் போட்டால் ஆட்டுக்கு முன்னால் புள்ளிமான் வந்துவிடும். 2013-ல் சரணாலயமாக அறிவித்த இடம், 288 ஹெக்டேர்தான், மான்கள் வெளியே வரத்தான் செய்யும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மானுக்கென்றே சிறு சிறு பாத்தியாகத் தீவனம் விதைக்கிறார்கள். அங்கே பருவத்தில் உரிமம் வாங்கி மான் வேட்டையாடலாம் என்பதால் மான் வந்து மேய வேண்டும் என்று க்ளோவர் என்ற தீவனச் செடி, ஓட்ஸ் எல்லாம் போடுவார்கள். நம் ஊரில் 1972 சட்டப்படி வேட்டை கிடையாது, அந்த நோக்கம் நமக்கு ஆகாது. ஆனால் அவர்கள் கருவி பயன்படுத்துகிற வரிசையைக் காணொளிகளில் பார்த்துவிட்டு நம் நிலத்துக்கு யோசித்தேன். சின்னச் சட்டி ஹாரோ போட்டுக் கிளறுகிறார்கள், விதைக்கு முன்னாலும் பின்னாலும் பல்வரி வைத்த கனமான உருளையை ஓட்டி மண்ணை அழுத்துகிறார்கள். க்ளோவர் விதை கடுகைவிடச் சின்னது, கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் கூடாது. பொலபொலவென்ற மண்ணில் அது தானாக ஆழத்துக்குப் போய்விடும், ஈரமும் ஒட்டாது. அழுத்திய மண்ணில் விதை நிற்கும், அடியிலிருந்து ஈரம் ஏறும்.

நம் கொழுக்கட்டைப் புல்லுக்கும் முயல் மசாலுக்கும் அப்படியே பொருந்துகிறது. உழவு எல்லாம் ஆன பிறகு பனைத்தடியை ரெண்டு சங்கிலியில் கட்டி இழுக்கிறேன், மேல்மண் சமமாகி லேசாக இறுகிவிடும். அதன் மேல் புல் விதையைத் தூவி, மறுபடி அதே தடியை ஒரு முறை இழுத்துவிடுகிறேன். புயலில் விழுந்த பனையைத்தான் எடுத்தேன், நிற்கிற பனையை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். பனை கிடைக்காவிட்டால் பழைய இரும்பு டிரம்மில் மணல் நிரப்பி நடுவே கம்பி கோத்தால் உருளை தயார்.

கொழுக்கட்டைப் புல் விதையைப் பெட்டியில் போட முயற்சி செய்யாதீர்கள். பஞ்சு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், குழாயில் இறங்காது. ஈர மண்ணோடு பிசைந்து கையால்தான் தூவ வேண்டும்.

செவக்காட்டுக்காரி

தடியைச் செவலில் இழுக்கும்போது மண் ஈரமாக இருக்கக் கூடாது. ஈரத்தில் அழுத்தினால் காய்ந்ததும் ஓடு பிடித்துவிடும். மேல்மண் வெளுத்த பிறகு இழுங்கள்.

தம்பி, மேற்புறச் சரளையில் விதைக்கு முன் ஒரு முறை உளிக் கலப்பை போட்டுப் பாருங்கள். ஒன்றரை அடிக்குக் கீறிவிடும், மண்ணைப் புரட்டாது. செவலில் அடியில் இறுகிக் கிடக்கும் பாளம் உடைந்தால்தான் வேர் இறங்கும். மூன்று வருசத்துக்கு ஒரு முறை போதும், அதனால் வாங்கவே வேண்டாம். வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியில் பதிந்து வரச் சொல்லலாம். ஆனியில் கேளுங்கள், புரட்டாசியில் கேட்டால் கிடைக்காது.

வீரவநல்லூர் வயல்

நிலத்தைச் சமப்படுத்தும் லெவலர் பிளேடு பற்றி யாரும் சொல்லவில்லையே. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் பல வயலில் ஒரு மூலை மணல் மேடு, ஒரு மூலை பள்ளம். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் தட்டைப்பயறு அழுகிவிடும். தம்பி நிலம் எப்படி?

மானூர் ஆட்டுக்காரன்

எங்களுக்கு வெள்ளம் அவ்வளவு பாதிக்கவில்லை அண்ணாச்சி. கரிசல் பக்கம் ஒரு பள்ளம் உண்டு, அங்கே சோளம் மட்டும் போடுகிறேன்.

தட்டைப்பயறும் சோளமும் கலந்து விதைக்கலாமா? ஆட்டுக்கு ரெண்டும் சேர்ந்தால் நல்லது என்கிறார்கள். பெட்டியில் ரெண்டையும் கலந்து கொட்டினால் போதுமா?

பாளைப் பொறியாளர்

கலந்து கொட்டக் கூடாது. வண்டி குலுங்கக் குலுங்க சின்ன விதை அடியில் இறங்கிவிடும், முதல் ரெண்டு ஏக்கரில் சோளம், கடைசியில் தட்டைப்பயறு என்று ஆகும். பெட்டிக்குள் தகரத்தால் தடுப்பு வையுங்கள். 7 வரிசையில் ரெண்டாவதும் ஆறாவதும் தட்டைப்பயறு, மற்ற 5 வரிசை சோளம். திரும்பி வரும் சுற்றையும் சேர்த்தால் மூன்று வரிசைச் சோளத்துக்கு ஒன்றோ, ரெண்டுக்கு ஒன்றோ பயறு வரும். சரியான விகிதம்தான். தட்டைப்பயறை மட்டும் தனியாகப் போட்டால் ஏக்கருக்கு 10 கிலோ, இப்படிப் போடும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

கரிசக்காட்டான்

கருவியை விட்டு ஒரு வார்த்தை, ஆடு வைத்திருப்பவர் என்பதால் சொல்லியே ஆக வேண்டும். இளஞ்சோளத்தில் ஆட்டை விட்டுவிடாதீர்கள். பூக்குமுன், அதுவும் மழை தவறி வாடி நிற்கும்போது, அறுத்த தூரில் புதிதாகத் துளிர்க்கும்போது, சோளத்தில் சயனைடு நஞ்சு கூடுதலாக இருக்கும். நாலு வாய் மேய்ந்த ஆடு வயிறு உப்பி மூச்சுத் திணறி அங்கேயே விழும். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போடுவதற்குள் முடிந்துவிடும். பூத்த பிறகு அறுத்து, ஒரு நாள் வெயிலில் வாடவிட்டுப் போடுங்கள். வேலி இல்லாத பக்கம் அடுத்தவர் ஆடும் நுழையும், பக்கத்துக்காரர்களிடமும் சொல்லிவையுங்கள்.

மானூர் ஆட்டுக்காரன்

இது தெரியாமல் இருந்தது. வீட்டில் ஆடு மேய்க்கிற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் படித்து இப்படி முடிவு செய்திருக்கிறோம். ஸ்பிரிங் வைத்த 9 கொத்துக் கலப்பை பழசு, 18 ஆயிரத்துக்குள். விதைப் பெட்டி செட் தனியாக வாங்கிப் பாவூர் அண்ணன் பட்டறையிலேயே மாட்டிக்கொள்கிறேன், விதைப்புக் கொழுவோடு சேர்த்து 25 ஆயிரத்துக்குள் முடியும் என்று விசாரித்ததில் தெரிகிறது. பனைத்தடி எங்கள் கொல்லையிலேயே விழுந்து கிடக்கிறது. உளிக் கலப்பை வாடகை. மிச்சம் இருப்பதை விதை வாங்கவும் டீசலுக்கும் வைத்துக்கொள்கிறேன். ரோட்டவேட்டர் இந்த வருசம் இல்லை. சிறு விவசாயி சான்றுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று, மானியம் வந்தால் அடுத்த வருசம் சாய்தட்டு விதைப்பான் பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு ரெண்டு கிடா கொண்டு போகிறேன். திரும்பும் வழியில் பழைய கலப்பை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள், பார்த்துவிட்டு வருகிறேன். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பட்டறைப் பாவூர்

போகும்போது உங்கள் வண்டியின் பின்னால் கருவி மாட்டும் கீழ் லிங்க் பின்னையும் டாப் லிங்க் பின்னையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் வண்டி அளவுக்குக் கீழ் பின் 22 மிமீ, டாப் லிங்க் 19 மிமீ வர வேண்டும். பெரிய வண்டிக்குச் செய்த கலப்பையில் கீழே 28, மேலே 25 இருக்கும், அது உங்கள் லிங்க் குண்டில் நுழையாது. கலப்பை மற்றபடி நன்றாக இருந்தால் அதற்காக விட்டுவிட வேண்டாம், பின்னை மட்டும் மாற்றித் தருகிறேன். 28 பின்னைக் கடைந்து சின்னதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள், தோள் விட்டுப்போய்ச் சாலில் ஓடும்போது முறியும்.

பெட்டி மாட்ட வரும்போது டிராக்டரையும் கொண்டு வாருங்கள். கலப்பையைத் தூக்கி இறக்கிப் பார்த்துத்தான் மண்சக்கரத்தின் உயரத்தை வைக்க முடியும்.